பதிமூன்று அங்குலம்

"பதிமூணு," என்றார் வாஞ்சிநாதன்.

டேப்பை எடுத்துத் திரும்பவும் வைத்துப் பிடித்தார். இந்த ஓரத்துப் பென்சில் கோட்டில் இடது கட்டைவிரல், அந்த ஓரத்துக் கோட்டில் வலது கட்டைவிரல். மேஜை மேல் கிடந்த துணிச் சதுரம் பதிமூன்று அங்குலத்திலிருந்து ஒரு நூல்கூட இறங்கி வர மறுத்தது.

"பன்னெண்டு வரணும்னுதானே உன் டீச்சர் சொன்னா?"

"பன்னெண்டுதான்," என்றாள் பாகீரதி. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ இந்த ஒரு அங்குலம் எங்கேர்ந்து வந்தது? நான் கொண்டுவந்து போட்டேனா?"

பாகீரதி மாவுக்கட்டைத் தடவிக்கொண்டாள். கணவர் கேட்கும் கேள்விகளில் எதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது முப்பத்தெட்டு வருடத்தில் அவளுக்கு அத்துப்படி ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். நீடாமங்கலத்தில் பாத்திமா டீச்சர் நடத்தும் கைத்தையல் வகுப்பில் பாகீரதி சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மெஷின் கிடையாது, ஊசியும் நூலும் மட்டும். பழைய நூல் புடவையைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒன்பது துண்டுகளைச் சேர்த்து ஒரு கட்டமாகத் தைக்க வேண்டும். வகுப்பில் ஒன்பது பெண்கள், ஆளுக்கு ஒரு கட்டம். ஒன்பது கட்டத்தையும் இணைத்தால் ஒரு குழந்தைப் போர்வை. அவர்களோடு படித்துக்கொண்டிருந்த கனிமொழிக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று புதுத்துணி வாங்கக் கூடாது. பழைய புடவைகளில் தைத்த போர்வைக்கு அந்தத் தடை இல்லை. வளையல் போட்டு முடித்ததும் அவள் மடியில் வைப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பாகீரதி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அதுவரை அவள் தன் கட்டத்தில் ஒரு தையல்கூடப் போட்டிருக்கவில்லை. எட்டுக் கட்டம் இருந்து ஒன்பதாவது இல்லையென்றால் போர்வையில் ஓட்டை விழும் என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

"நான் தைக்கிறேன்," என்றார் வாஞ்சிநாதன். இரக்கத்தில் சொன்னதல்ல. "நேர்க்கோட்டுல தைக்கணும், அளவு சரியா வரணும். அவ்வளவுதானே? முப்பத்திரண்டு வருஷம் சர்வேயரா இருந்து ஊர் ஊரா நிலம் அளந்தவன். இந்தக் கைக்குட்டையை அளக்க மாட்டேனா?"

அளப்பதற்கு அவரிடம் சொந்தக் கருவியும் இருந்தது. தோல் உறைக்குள் சுருண்டு கிடக்கும் ஐம்பது அடி துணி டேப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. வாங்கிய மூன்றாம் வருடமே வரப்பில் முள்கம்பி கிழித்து, முனைக்குப் பக்கத்தில் இரண்டாகிவிட்டது. அதை பாகீரதி சேர்த்துத் தைத்து, தையல் தெரியாமல் மேலே நீல ரவிக்கைத் துணியைச் சுற்றி ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். ஏழாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் நடுவே அந்த நீலம் இன்னும் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் எல்லாவற்றையும் ஒப்படைத்தவர், சொந்த டேப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த டேப்புதான் இப்போது பதிமூன்று என்கிறது.

"வெட்டினதுல தப்பு இருக்குமோ?" என்றாள் பாகீரதி.

வாஞ்சிநாதனுக்கு மூக்கு சிவந்தது. டீச்சர் கொடுத்தனுப்பிய நாலரை அங்குல அட்டையை எடுத்து அவள் கண் முன்னால் அளந்து காட்டினார். இம்மி பிசகாமல் நாலரை. "அட்டை சரி. வெட்டினது சரி. கால் அங்குலம் தள்ளிக் கோடு போட்டு, கோட்டு மேலேயே ஊசியை விட்டிருக்கேன். தப்பு உன் புடவையிலதான். பழைய துணி. இழுத்துண்டு வந்திருக்கு."

அது அவர்கள் மகன் ஹரிசங்கரைத் தூளி கட்டிப் போட்ட புடவை. அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டது. அதில் நல்ல பாகம் மிச்சம் இருந்ததே ஒரு முழத் துணிதான்.

"இழுத்துண்டா கஞ்சி போட்டா சுருங்கும்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கட்டத்தை வடிகஞ்சியில் முக்கி எடுத்தார். மொறமொறவென்று காய்ந்தது. இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்து, சுருங்கட்டும் என்று ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தார். தீய்ந்த வாசனை வந்தது. பெட்டியை எடுத்தபோது நடுச் சதுரத்தில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

அளந்தார். பதிமூன்று.

"போறும், விட்டுடுங்கோ," என்றாள் பாகீரதி. "டீச்சர்ட்டயே கேட்டுக்கலாம்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நடுத்துண்டை மாத்தறேன். கால் அங்குலத்துக்குப் பதிலா அரை அங்குலம் உள்ள தள்ளித் தைக்கிறேன். எப்படி வராம போறதுன்னு பாக்கறேன்."

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பிரித்தார், தைத்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டார். இரண்டு முறை கட்டத்தைத் தன் வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டார். அதற்கும் பாகீரதியைத்தான் திட்டினார். சாயங்காலம் டேப்பைப் போட்டார். பன்னிரண்டு. ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை. உள்பக்கம் மிஞ்சிய துணியைக் கத்தரித்தும் எறிந்தார்.

பாகீரதி கட்டத்தை இடது கையில் எடுத்துப் பார்த்தாள். "சின்னதா தெரியறதே."

"கண்ணால அளக்காதே. அதுக்குத்தான் டேப்பு கண்டுபிடிச்சிருக்கான்."

புதன்கிழமை காலையில் அரசப்பன் ஆட்டோவோடு வந்து நின்றார். கனிமொழியின் அப்பா. மகளுக்காகத் தைக்கிறார்கள் என்பதால், அந்த வாரம் வகுப்புக்கு வருகிறவர்களை அவரே கூட்டிவந்து கூட்டிப்போனார். ஐம்பது தாண்டியவர், அளந்துதான் பேசுவார். வாஞ்சிநாதன் கட்டத்தை ஒரு பத்திரத்தைப்போல உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

ரயில்வே கேட் போட்டிருந்தது. நீடாமங்கலத்தில் கேட் போட்டால் ஆட்டோவை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். இன்ஜினை மாற்றிக்கொண்டு ஏதோ ஒரு ரயில் போகிற மாதிரியும் வருகிற மாதிரியும் இருந்தது. வாஞ்சிநாதனுக்குப் பேச ஆள் கிடைத்தது.

"ஒரு அங்குலம்னா உனக்கு அலட்சியமா இருக்கும் அரசப்பா. எனக்கு அப்படி இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் மனையில சுவர் எடுத்தான். இருபது அடி மனை. பக்கத்து மனைக்காரன் மனு கொடுத்தான். நான் போய் டேப்பைப் போட்டேன். இருபது அடி ஒரு அங்குலம். ஒரே ஒரு அங்குலம் அடுத்தவன் இடத்துல நிக்கறது சுவர்."

"என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்றது, எழுதிட்டேன். ஆக்கிரமிப்புன்னு. ஊர்ல எல்லாரும் சொன்னா, ஒரு அங்குலம்தானே சார், பார்த்துப் போடுங்கன்னு. ஒரு அங்குலம் ஆனாலும் தப்பு தப்புதான்னேன். மூணாம் நாள் அவனே கடப்பாரையை எடுத்து இடிச்சான்."

அரசப்பன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு ஒண்ணும் சொல்லலைங்களா?"

"என்ன சொல்லுவான்? அளவு பேசறபோது வாய் பேச முடியுமா? இடுப்புல ஒரு பெண் குழந்தையை வச்சுண்டு நின்னுண்டிருந்தான்."

"எந்த ஊருங்கய்யா அது?"

"வலங்கைமான் பக்கம் ஏதோ ஒண்ணு. பேர் மறந்துபோச்சு."

"மறந்துபோச்சுங்களா," என்றார் அரசப்பன். கேட் திறந்தது.

பாத்திமா டீச்சர் அன்று கும்பகோணத்தில் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். வகுப்பை அம்சவல்லியிடம் ஒப்படைத்திருந்தாள். அம்சவல்லி நாற்பது ஆட்களை நடவுக்கு அழைத்துப் போய் வேலை வாங்குகிறவள். யார் அதட்டினாலும் மசிகிற ஆளில்லை. கூடத்தில் பாய் விரித்து எட்டுப் பேர் கட்டங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். வாஞ்சிநாதன் தன்னுடையதை ஓரத்தில் வைத்தார்.

எட்டுக் கட்டமும் ஒரே அளவு. ஒன்பதாவது மட்டும் வளராத பிள்ளை மாதிரி கிடந்தது.

"சார், உங்கது சிறுசா இருக்கே," என்றாள் அம்சவல்லி.

"என்னோடது சரியா இருக்கு," என்று வாஞ்சிநாதன் டேப்பை உருவினார். முதல் கட்டத்தை அளந்தார். பதிமூன்று. இரண்டாவது, பதிமூன்று. எட்டாவது அளந்து முடித்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பழைய சர்வேயர் களை திரும்பியிருந்தது.

"எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு அங்குலம் ஆக்கிரமிச்சிருக்கீங்க."

"எங்க எட்டுப் பேருது தப்பு, உங்க ஒருத்தரது சரியா? நல்லாருக்கு சார் நியாயம்."

"தப்புக்கு மெஜாரிட்டி கிடையாதும்மா. டேப்பைப் பாரு. கண்ணு இருக்குல்ல?"

"எல்லாரும் ஒரே அட்டையை வச்சுத்தான் வெட்டினோம்."

"அட்டை சரி. நான் அளந்துட்டேன். தைச்சதுல கை தளர்ந்துபோச்சு. எனக்கும் முதல்ல அப்படித்தான் வந்தது. நான் ஒத்துண்டு பிரிச்சுத் தைச்சேன். நீங்க ஒத்துக்க மாட்டேங்கறீங்க."

யாரோ ஒருத்தி பையிலிருந்து மகனின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தாள். ஆறு அங்குலம், முனை வேறு உடைந்திருந்தது. "இதால ரெண்டு தடவை வச்சுப் பார்க்கலாங்களா சார்?"

வாஞ்சிநாதனுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "பென்சில் டப்பாக்குள்ள இருக்கறதை வச்சு முப்பத்திரண்டு வருஷ சர்வீஸைச் சரிபார்ப்பீங்களா? இந்த டேப்பு சொல்லி ஒருத்தன் சுவரையே இடிச்சான், தெரியுமா?" என்று ஆரம்பித்து சுவர்க் கதையை முழுசாகச் சொன்னார். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அரசப்பன் அதை இரண்டாவது முறையாகக் காதில் வாங்கிக்கொண்டார்.

அரசாங்கத்து ஆள், அதுவும் சுவரை இடிக்க வைத்த ஆள் சொல்கிறார் என்றதும் நான்கு பேருக்குக் கை தானாக ஊசிக்குப் போனது. பிரித்தார்கள். அரை அங்குலம் தள்ளித் தைத்தார்கள். மிஞ்சிய துணியை வாஞ்சிநாதனே கத்தரித்துக் கொடுத்தார். டீச்சர் ஃபோனை எடுக்கவில்லை. அம்சவல்லியும் மற்ற மூன்று பேரும் தங்கள் கட்டங்களைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்கள்.

"டீச்சர் வந்து அளந்து தப்புன்னு சொல்லட்டும். அப்பப் பிரிக்கிறேன். இல்லாட்டி என் புடவையில கை வைக்க விட மாட்டேன்," என்றாள் அம்சவல்லி.

"அப்போ போர்வையை எப்படிச் சேர்க்கறது? வெள்ளிக்கிழமை வளைகாப்பு."

"அதை நீங்க டேப்பு போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

மத்தியானத்துக்குள் வகுப்பு பன்னிரண்டு கட்சி, பதிமூன்று கட்சி என்று இரண்டாகப் பிளந்து, ஒரு கட்சி பாயின் இந்தப் பக்கமும் மறு கட்சி அந்தப் பக்கமும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த வாஞ்சிநாதன் கொதித்துப் போயிருந்தார். "அளவுக்கு மரியாதை இல்லாத நாடு உருப்படுமா? எட்டுப் பேர்ல நாலு பேருக்குத்தான் நேர்மை இருக்கு."

"எட்டுப் பேருமா ஒரே மாதிரி தப்பு பண்ணுவா?" என்றாள் பாகீரதி மெதுவாக.

"ஏன் பண்ண மாட்டா? ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி."

"உங்களுக்கும் முதல்ல பதிமூணுதானே வந்தது. நீங்க யாரைப் பார்த்தேள்?"

வாஞ்சிநாதன் சாப்பாட்டை நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வியாழக்கிழமை பாகீரதியும் கிளம்பினாள். கட்டுப்போட்ட கையோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் ரயில்வே கேட்டும் போட்டிருக்கவில்லை. அவர்கள் போனபோது பாத்திமா டீச்சர் பாயின் நடுவே ஒன்பது கட்டங்களையும் வரிசையாகப் பரப்பி வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நான்கு பெரியவை, ஐந்து சிறியவை.

"வாங்க மாமி. வாங்க சார். ஒரு நாள் ஊருக்குப் போனேன் சார், ஒரே நாள்."

"நீங்க இல்லாததுதான் நல்லதா போச்சு. தப்பு வெளியில வந்தது," என்றார் வாஞ்சிநாதன். "உங்க வகுப்புல யாருக்கும் கால் அங்குலம் தைக்கத் தெரியலை."

பாத்திமா சுவர் ஆணியில் தொங்கிய தன் டேப்பை எடுத்து அம்சவல்லியின் கட்டத்தில் வைத்தாள். "பன்னெண்டு."

"உங்க டேப்பு தப்பு."

"போன மாசம் வாங்கினது சார்."

"அதான் சொல்றேன். இப்போ வர்றதெல்லாம் எலாஸ்டிக். என்னோடது அந்தக் காலத்துச் சரக்கு."

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துடலாமே," என்றாள் பாத்திமா.

"தாராளமா."

இரண்டு டேப்பையும் பாயின் மேல் ஒட்டினாற்போல் நீட்டினார்கள். எல்லாரும் குனிந்தார்கள். வாசல்படியிலிருந்து அரசப்பனும் எழுந்து வந்தார். ஒன்றுக்கு ஒன்று நேர், இரண்டுக்கு இரண்டு நேர். ஏழு வரைக்கும் இரண்டும் கைகோத்துப் போயின. வாஞ்சிநாதன் அம்சவல்லியை ஒரு பார்வை பார்த்தார்.

நீல ஒட்டைத் தாண்டி அவருடைய டேப்பில் பத்து வந்தது. பாத்திமாவின் டேப்பில் அங்கே ஒன்பது இருந்தது.

பாத்திமா ஒரு ஊசியை எடுத்து, நீலத் துணியின் ஓரத்தில் இரண்டு தையலை நெம்பி, மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமி, இதை யாரு தைச்சது?"

"நான்தான்," என்றாள் பாகீரதி. "முள்கம்பில கிழிஞ்சுதுன்னு கொண்டுவந்தார். பிரிஞ்சுடக் கூடாதேன்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்சு, நெருக்கமா ஓட்டுத் தையல் போட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு நூல் பிரியலையே."

"பிரியலை மாமி. தையல் முதல் தரம். ஆனா ஒரு அங்குலத்தை உள்ள வச்சுத் தைச்சிருக்கீங்க. முதல் நாள் வகுப்புல என்ன சொன்னேன்? ரெண்டு துணியைச் சேர்த்தா தையல் கொஞ்சம் துணியைத் தின்னுடும், அதுக்கு இடம் விட்டுத்தான் வெட்டணும்னு சொன்னேனா இல்லையா?"

"அப்போ எனக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தா?" என்றாள் பாகீரதி. அவளுக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. "கிழிஞ்சதைத் தைச்சுக் குடுன்னார், தைச்சேன். அளந்து பார்க்க வேண்டியவர் அவர்தானே?"

அம்சவல்லி தன் கட்டத்தை எடுத்து வாஞ்சிநாதன் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள்.

பாத்திமாதான் காரியத்தைப் பார்த்தாள். கத்தரித்த துணியை ஒட்ட வைக்க முடியாது. நான்கு பெரிய கட்டங்களையும் பதினோரு அங்குலத்துக்கு இறக்கிவிட்டால் போர்வை கொஞ்சம் சிறியதாகும். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அது போதும். அம்சவல்லி முணுமுணுத்துக்கொண்டே பிரிக்க உட்கார்ந்தாள். நான்கு ஊசிகள் கோக்கப்பட்டன. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று தெரிந்ததும் கூடத்தில் இரண்டு கட்சியும் கலந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

அந்தச் சிரிப்பில் வாஞ்சிநாதனுக்கு உயிர் வந்தது. டேப்பை விறுவிறுவென்று தோல் உறைக்குள் சுற்றினார்.

"எதுக்கு இத்தனை அமர்க்களம்னு கேக்கறேன். முழுசா பார்த்தா ஒரு அங்குலம். ஒரே ஒரு அங்குலம் கூடக் குறைய இருந்தா யார் குடி முழுகிடப் போறது?"

எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். பின்னால் அரசப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, எங்க வூட்டுச் செவுத்த இடிக்க வச்சீங்களே, அதையும் இந்த டேப்பாலதான் அளந்தீங்களா?"